ஊகத்திற்கு ஏற்ற ஸ்பானியச் சொல் எது?

கேள்வி: கிருஷ்ணகிரி பகுதியில் உள்ள மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். எங்களிடம் கூழ் வாங்கும் ஸ்பெயின் நிறுவனத்துக்கு, "இந்த ஆண்டு பெங்களூரா மாங்காய் விளைச்சல் குறையும் என்று ஊகிக்கிறோம்" என எழுத வேண்டும். அகராதியில் அதிபினார், சுபோனேர், எஸ்பெகுலார் ஆகிய மூன்று சொற்கள் கிடைத்தன. இவற்றுள் எது பொருந்தும்?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மூன்றுமே உங்கள் கடிதத்துக்கு ஏற்றவை அல்ல. அதிபினார் என்பது மூடிய கைக்குள் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது போன்ற ஊகம். விடுகதையை ஸ்பானியர் அதிபினான்சா என்றே அழைக்கின்றனர். சுபோனேர் பேச்சுக்கு நல்ல சொல். ஆனால் "சுபோனேமோஸ்" என்று வணிகக் கடிதத்தில் எழுதினால், தோப்புக்குப் போய்ப் பார்க்காமல் நாற்காலியில் அமர்ந்தபடியே சொன்னது போன்ற தொனி வந்துவிடும்.

எஸ்பெகுலார் என்ற சொல்லிடம்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆதாரமின்றிப் பலவாறாக எண்ணிப் பார்ப்பதையும் அது குறிக்கும் என்றாலும், வணிகத்தில் அதற்கு விலையேற்றத்தை எதிர்பார்த்துச் சரக்கை வாங்கி வைத்து இலாபம் பார்ப்பது என்று பொருள். விளைச்சல் குறையும் என்று சொல்கிற கடிதத்திலேயே, அதுவும் விற்பவரின் கையெழுத்தோடு அந்தச் சொல் வந்தால், வாங்குபவர் என்ன நினைப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பூ உதிர்ந்த அளவையும் பிஞ்சு நின்ற அளவையும் பார்த்து, விவசாயிகளிடம் விசாரித்துப் போட்ட மதிப்பீடுதான் உங்களுடையது என்றால், "கால்குலாமோஸ்" (கணிக்கிறோம்) அல்லது "எஸ்திமாமோஸ்" (மதிப்பிடுகிறோம்) என்று தொடங்குங்கள். கோன்ஹெதூரா என்றொரு சொல்லும் உண்டு. குறைவான தடயங்களைக் கொண்டு கட்டும் ஊகத்தைக் குறிக்கும் அது, ஆய்வுக் கட்டுரைக்குத்தான் பொருந்தும்.

தனிச்சொல்லே இல்லாமல் ஊகிக்கும் வழியும் ஸ்பானியத்தில் உண்டு. தமிழர்களுக்கு அது எளிதில் பிடிபடும். கடிகாரம் பார்க்காமல் "மணி மூன்று இருக்கும்" என்கிறோம் அல்லவா? அவர்களும் அவ்வாறே எதிர்கால வினையைக் கொண்டு "செரான் லாஸ் த்ரேஸ்" என்பார்கள். "அப்போது மணி மூன்று இருந்திருக்கும்" என்று கடந்ததை ஊகிக்கும்போது "செரீயான்" என வினை மாறும். "தேபே தே எஸ்தார் என் காசா" என்றால் அவர் வீட்டில் இருக்கக்கூடும் என்று பொருள். நடுவில் உள்ள "தே"யை விட்டுவிட்டால், அவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயப் பொருளுக்கும் இடமுண்டு.

ஆயினும் இந்த எதிர்கால வினையை மட்டும் நம்பி உங்கள் கடிதத்தை எழுத வேண்டாம். நிகழ்காலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அது ஊகமாக ஒலிக்கும். வரப்போகும் அறுவடையைக் குறித்து எழுதினால் உறுதியான அறிவிப்பாகவே படிக்கப்படும். ஆகவே "கால்குலாமோஸ் கே லா கொசேச்சா செரா மெனோர்" (விளைச்சல் குறையும் என்று கணிக்கிறோம்) என்று எழுதி, எந்த மாதத்து நிலவரத்தைக் கொண்டு கணித்தீர்கள் என்பதை அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.