‘பர்மிட் எங்க பொறுப்பு’ என்பவரை நம்பி மார்ச்சில் கொழுக்குமலை ஏறலாமா?

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர், மதுரையில் வேலை பார்க்கிறோம். மார்ச் முதல் வாரக் கடைசியில் போடி பக்கத்துக் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு நடந்தே ஏறி, இரவு தங்கி, மறுநாள் அதே வழியில் இறங்க ஆசை. வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான ஒருவர் தலைக்கு 2,800 ரூபாய் கேட்கிறார். சாப்பாடு, டென்ட் எல்லாம் அதில் அடக்கமாம். பர்மிட் பற்றிக் கேட்டால், “அது எங்க பொறுப்பு, ஸ்பாட்ல வாங்கிக்கலாம்” என்கிறார். பாதிப் பணத்தை இந்த வாரமே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். நீங்கள் சொல்லும் தேதி ஒன்றே போதும். தமிழ்நாட்டு வனப்பகுதி மலையேற்றப் பாதைகளைக் காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது. மார்ச் முதல் வாரம் அதற்குள்தான் வருகிறது. அந்த நாளுக்கு ‘ஸ்பாட்ல’ பர்மிட் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவர் பின்னால் ஒன்பது பேர் போகக் கூடாது.

மார்ச்சில் அந்தச் சரிவில் என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொண்டால் மூடுவதன் காரணம் விளங்கும். குரங்கணிக்கு மேலே பெரும்பகுதி அடர்ந்த மரக்காடு இல்லை. இடுப்பளவுக்கும் அதற்கு மேலும் வளரும் புல் சரிவு. மழை நின்று இரண்டு மூன்று மாதம் போனதும் அந்தப் புல் அடிவரை காய்ந்துவிடும். பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசும். தீயும் அதே திசையில்தான் ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் கையாளும் கணக்கு. 30 டிகிரி சரிவில், முதுகில் பையோடு மேலே ஏறும் மனிதர் அதை முந்தவே முடியாது.

2018 மார்ச் 11 அன்று நடந்தது இதுதான். முந்தின நாள் கொழுக்குமலை ஏறித் தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பாதி வழியில் தீயில் மாட்டிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் திட்டமும் அதே மாதம், அதே பாதை, அதே போல மறுநாள் இறக்கம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தேதியைப் பார்த்ததும் வேறு எதுவும் தோன்றவில்லை.

இப்போது அந்த ‘பர்மிட்’ விஷயத்துக்கு வருவோம். பலர் ஏமாறுவது இங்கேதான். செக்போஸ்டில் பணம் கட்டினால் ஒரு சீட்டு தருவார்கள். அது அந்த இடத்துக்குள் நுழைவதற்கோ, வண்டிக்கோ, அருவி பார்ப்பதற்கோ உரிய சீட்டாக இருக்கும். அதை எடுத்துக் காட்டி “பர்மிட் வாங்கியாச்சு” என்பார்கள். இன்னொரு வித்தை, அனுமதி இருக்கும் ஒரு பாதைக்குச் சீட்டு வாங்கிவிட்டு அனுமதி இல்லாத பாதையில் கூட்டிப்போவது. மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பாதைக்கு என்று வாங்கிய சீட்டு கொழுக்குமலைப் பாதைக்குச் செல்லாது, தொடங்கும் ஊர் ஒன்றாகவே இருந்தாலும். சீட்டில் எழுதிய பாதையில் நீங்கள் இல்லை என்றால் ஆபத்து நேரத்தில் உங்களைத் தேடுபவர்கள் வேறு பள்ளத்தில் தேடுவார்கள். அபராதத்தை விட இதுதான் பெரிய விஷயம்.

ஆகவே யார் கூட்டிப்போவதாகச் சொன்னாலும் பணத்துக்கு முன் ஒரு தாளைக் கேளுங்கள். அதில் பாதையின் பெயர், தேதி, ஒன்பது பேரின் பெயர், உடன் வரும் வழிகாட்டியின் பெயர் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது நீங்கள் நடக்கப் போகும் நடைக்கான அனுமதி அல்ல. “குரூப் பேர்ல இருக்கு” என்று சொன்னால் அந்தக் குழுவின் முன்பதிவு எண்ணைக் கேட்டு நீங்களே சரிபாருங்கள். கொடுக்கத் தயங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

நேர்வழி இப்போது இருக்கிறது. வனத்துறையின் கீழ் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. தொடங்கியபோது 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, ஆன்லைனில் முன்பதிவு. மலைப்பகுதி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக அனுப்புகிறார்கள். தேனி மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. குரங்கணி சாம்பலாறு அவற்றில் ஒன்று. நீங்கள் கேட்கும் பாதை அந்தப் பட்டியலில் இல்லை என்றால், வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதில் கால் வைக்காதீர்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பாதையை மூடும் அறிவிப்பை இணையத்தில் போட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மலையடிவாரத்தில் பஸ் நிற்கும் இடத்தில், நாலு பேர் படிக்கும்படி எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எந்தத் தேதி வரை என்று தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? விவரம் கேட்கப் போன் செய்தால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் பதில் சொல்ல ஆள் கிடையாது. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் புரோக்கர் பிழைக்கிறார். அவர் இரவு பதினொன்றுக்கும் பதில் போடுவார்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைத்தான் புரோக்கர்கள் வளைத்துப் பேசுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தனியாருடையது. இடம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்துதான். ஃபோர் வீல் டிரைவ் ஜீப் மட்டுமே ஏறும் கரடுமுரடான பாதை. அப்படி ஜீப்பில் போய், தோட்டத்துக்குள் எஸ்டேட் அனுமதிக்கும் இடத்தில் நடந்து, ஃபேக்டரி பார்த்து, சூரிய உதயம் பார்த்து, அதே ஜீப்பில் திரும்பினால் அதற்குக் காட்டு மலையேற்ற முன்பதிவு தேவையில்லை. எஸ்டேட் கட்டணமும் ஜீப் வாடகையும் போதும். “எஸ்டேட் ஓனர் அனுமதி இருக்கு, அப்புறம் என்ன?” என்று உங்கள் ஆள் சொன்னால் அது இதை வைத்துத்தான். ஓனரின் அனுமதி தேயிலைச் செடி முடியும் இடத்தோடு தீர்ந்தது. அதற்குக் கீழே குரங்கணி வரை வரும் புல் சரிவும் காடும் அவருடையது அல்ல. மேலே போனது சட்டப்படி ஜீப்பில், இறங்குவது மட்டும் நடந்து என்று பேக்கேஜ் போடுகிறார்களே, அதுவும் செல்லாது. இறங்கும் பாதியும் முழுப் பாதைதான். தோட்டத்துக்குள் டென்ட் போட எஸ்டேட் விட்டாலும், அந்த டென்டிலிருந்து விடியலில் கீழே இறங்கிக் காட்டுக்குள் ‘சும்மா ஒரு சுற்று’ போவதற்கும் இதே பதில்தான்.

மார்ச்சில்தான் லீவு, மாற்ற முடியாது என்றால் இரண்டு வழி. ஒன்று, மேலே சொன்ன சூரியநெல்லி ஜீப் வழி. இன்னொன்று, மலை ஏறாமல் அடிவாரத்தில் நடப்பது. போடியிலிருந்து குரங்கணி தார்ச்சாலையில் சுமார் 16 கிலோமீட்டர். கொட்டகுடி ஆற்றை ஒட்டி மாந்தோப்பும் இலவந்தோப்புமாகப் போகும். விடியற்காலை பஸ்ஸில் குரங்கணி போய், போடியை நோக்கி இறங்கி நடந்தால் வெயில் ஏறுமுன் பாதி தூரம் கடந்துவிடலாம். ஒரு காலத்தில் மூணாறு பக்கத்துத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் இறங்கி, இந்த வழியாகத்தான் போடிக்கு வந்தது. குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கும் ‘சென்ட்ரல்’ என்ற குடியிருப்பின் பெயர்கூட அந்த ரோப்வே தந்ததுதான். சாலையை விட்டுத் தோப்புக்குள் இறங்குவதானால் தோப்புக்காரரிடம் கேளுங்கள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.

லீவை மாற்ற முடியும் என்றால் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை பாருங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஓடைகள் ஒரு மணி நேரத்தில் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்துவிடும். காலையில் எளிதாகத் தாண்டிய ஓடையை மாலையில் தாண்ட முடியாது.

நேரக் கணக்கை ஏற்பாட்டாளர் வாயிலிருந்து கேட்காமல் நீங்களே போடுங்கள். தூரத்துக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 12 கிலோமீட்டரில் 5,000 அடி ஏற்றம் என்றால் ஐந்து மணி நேரம். பழக்கமில்லாதவர்களுக்கு அதில் பாதியைக் கூட்ட வேண்டும். ஏழரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் பிற்பகல் இரண்டுக்குள் முடியும். காட்டுமாடு நடமாடும் பாதையில் இருட்டில் நடக்கவே கூடாது. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வீதம், ஆளுக்கு நான்கு லிட்டர். வழியில் ஊற்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் குறைக்காதீர்கள்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் ட்ராக் பேன்ட் தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அனுமதிக்கப்பட்ட மாதத்தில்கூடக் கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள், ஓடைப் பள்ளத்துக்குள்ளும் இறங்காதீர்கள். பள்ளம் புகைபோக்கி போல இழுக்கும். தீயின் பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கறுத்த தரைக்கோ போய் நில்லுங்கள்.

ஒன்பது பேரில் யாருக்காவது மூட்டுவலி இருந்தால் ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். அவருக்கு இரண்டு கைக்கும் கம்பு, கட்டைவிரல் முன்னால் இடிக்காத அரை அளவு பெரிய ஷூ. குழுவின் வேகத்தை அவருடைய வேகத்துக்கு வைத்துத்தான் மேலே சொன்ன நேரக் கணக்கைப் போட வேண்டும்.