எந்த ஆதாரம் காட்டினால் நம்புவீர்கள்?

கேள்வி: என் அப்பா இறந்து பத்து நாள் கழித்து, ஒரு இரவில் அவர் என் கட்டிலோரம் நிற்பதைத் தெளிவாகப் பார்த்தேன். இதைச் சொன்னால் என் மைத்துனர் சிரிக்கிறார். ஆயிரக்கணக்கானவர்களின் அனுபவங்கள், விஞ்ஞானிகளே செய்த சோதனைகள் என்று எதைக் காட்டினாலும் ‘இதெல்லாம் ஆதாரம் இல்லை’ என்று ஒரே பதில்தான் வருகிறது. எதையும் ஏற்க மாட்டேன் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதானே?

பதில்: முதலில் உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள், அவர் சிரித்தது தப்பு. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு அனுபவம் இருந்திருக்கிறது. பலர் இறந்தவர் பக்கத்திலேயே இருப்பதுபோல் உணர்ந்திருக்கிறார்கள், சிலருக்குக் குரல் கேட்டிருக்கிறது, நூற்றுக்கு 14 பேர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். இதில் என்னை மிகவும் உலுக்கியது என்னவென்றால், பெரும்பாலானவர்கள் அந்த மருத்துவர் கேட்கும்வரை இதை ஒரு ஆளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு எத்தனை பேர் வாழ்கிறார்கள் பாருங்கள். அவர்களுக்குப் பைத்தியமும் இல்லை, அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. நீங்களும் அப்படித்தான்.

சரி, இனி உங்களுக்கு. நீங்கள் பார்த்தீர்கள் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. ஆனால் ‘அப்பாவைப் பார்த்தேன்’ என்பது ஒன்று, ‘அப்பாவின் ஆவி வந்தது’ என்பது வேறு ஒன்று. முதலாவதற்கு நீங்கள்தான் சாட்சி, அதில் வேறு யாரும் தலையிட முடியாது. இரண்டாவது, நடந்ததற்கு நீங்கள் சொல்லும் காரணம். காரணத்துக்கு எவரும் கண்ணால் கண்ட சாட்சியாக இருக்க முடியாது, அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுச் சண்டை முழுக்க இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தது. நீங்கள் காரணத்தைச் சொல்கிறீர்கள், அவர் அனுபவத்தையே மறுக்கிறார், அப்புறம் இருவருக்கும் கோபம் வருகிறது.

நேர்மையான மனிதர்களே எப்படித் தவறான காரணத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1853இல் செய்த சோதனை. அப்போது இங்கிலாந்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதன்மேல் கைகளை வைத்தால் மேசை தானாக நகர்கிறது, ஆவிகள்தான் நகர்த்துகின்றன என்ற பேச்சு வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. ஃபாரடே யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. நாணயமானவர்கள் என்று தமக்குத் தெரிந்தவர்களையே உட்கார வைத்தார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே, லேசாக ஒட்டிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேசை முதலில் நகர்ந்தால் கீழ் அட்டைகள் முந்தும், மேல் அட்டை பின்தங்கும். கைகள் தள்ளினால் மேல் அட்டைதான் முந்தும். மேசை நகர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மேல் அட்டைதான் முந்தியிருந்தது. உட்கார்ந்தவர்களோ தாங்கள் நேர்கீழே அழுத்தியதாகத்தான் மனதார நம்பினார்கள். அடுத்து, கை பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளைப் பொருத்தி, அதை அவர்கள் கண்ணில் படும்படி வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தவரை மேசை அசையவே இல்லை. ‘என் கை தள்ளவில்லை’ என்று அவர்களில் யாரும் சத்தியமே செய்திருப்பார்கள், அந்தச் சத்தியத்தில் பொய்யும் இருந்திருக்காது. ஆயிரம் பேரின் அனுபவம் என்று நீங்கள் அடுக்கும்போது எனக்கு இந்த அட்டைகள்தான் ஞாபகம் வருகின்றன. ஆயிரம் பேர் சொன்னாலும், ஒருவர் கைக்குக் கீழாவது அட்டை வைத்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

நம்பாதவர்கள் எதைக் காட்டினாலும் ஏற்க மாட்டார்கள் என்பது சரித்திரத்தில் பொய். வானத்திலிருந்து கல் விழுகிறது என்று கிராமத்து மக்கள் சொன்னபோது படித்தவர்கள் பலர் அதைக் கட்டுக்கதை என்று தள்ளினார்கள், உங்கள் மைத்துனர் மாதிரியேதான். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சில் லேகிள் என்ற ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தன. பியோ என்ற இளம் விஞ்ஞானி அங்கே போய் ஊர் ஊராக நடந்து சாட்சிகளை விசாரித்தார், கல் கிடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார், அதற்கு முன் அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கல் இருந்ததா என்றும் பார்த்தார். அவருடைய அறிக்கைக்குப் பிறகு வாதம் அநேகமாக முடிந்துபோனது. நம்பாதவர் கையில் கொடுத்தாலும் அந்தக் கல் கல்லாகவே இருந்தது.

அமானுஷ்யத்தை ஆராய லண்டனில் 1882இலேயே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். அறிவாளிகள், நேர்மையானவர்கள் எத்தனையோ பேர் இதற்காக உழைத்திருக்கிறார்கள். ஆனாலும் லேகிள் கல்லைப்போல ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

விஞ்ஞானிகளே செய்த சோதனை என்கிறீர்களே, அதில் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இருவரும் செய்யாததை அவர்கள் செய்தார்கள். யாரோ நம்மை உற்றுப் பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும் என்று நம்பியவர் மர்லின் ஷ்லிட்ஸ், நம்பாதவர் ரிச்சர்ட் வைஸ்மேன். இருவரும் மேடை போட்டுத் திட்டிக்கொள்ளவில்லை. ஒரே ஆய்வகம், ஒரே கருவி, ஒரே விதிமுறை. ஓர் அறையில் உட்கார்ந்தவரின் தோலில் மின்கடத்தும் திறனை அளந்தார்கள் (மனம் சலனப்பட்டால் அது மாறும்), வேறு அறையிலிருந்து அவரைக் கேமரா வழியாகச் சில நேரம் உற்றுப் பார்த்தார்கள், சில நேரம் பார்க்கவில்லை. 1997இல் வெளியான முடிவு இருவரையும் திகைக்க வைத்தது: ஷ்லிட்ஸ் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது, வைஸ்மேன் பார்த்தபோது தெரியவில்லை. இரண்டாம் முறையும் அதே கதை. இங்கே நின்றிருந்தால் இருவரும் ‘நான் சொன்னதுதான் சரி’ என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் நிற்கவில்லை. 2006இல் வெளியான மூன்றாம் சோதனையில் இருவருக்குமே எந்த வித்தியாசமும் வரவில்லை. வருடக்கணக்கில் எதிரெதிர்க் கருத்தோடு சேர்ந்தே வேலை பார்த்த அந்த இருவர்மேல் எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சமல்ல.

இதே அணுகுமுறையில் இன்னொன்று, இது உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். இதயத் துடிப்பு நின்று பிழைத்தவர்கள் சிலர் ‘மேலே மிதந்தபடி என் உடலைப் பார்த்தேன்’ என்கிறார்கள். சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு 15 மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு, அறைகளில் உயரத்தில் பலகை அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி படங்களை வைத்தது. 2014இல் வெளியிட்ட முடிவின்படி, 2060 பேருக்கு இதயம் நின்றது, பெரும்பாலானவர்கள் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் ஒருவர் தம்மைச் சுற்றி நடந்ததைச் சரியாகவே சொன்னார். ஆனால் அவருக்கு இதயம் நின்ற அறையில் பலகையே இல்லை. எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் படத்தை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருந்தார்களே, அந்த நேர்மைதான் இங்கே வேண்டியது.

ஆகவே உங்கள் வீட்டில் அடுத்த முறை இந்தப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தால் ஆவி உண்டென்று ஒப்புக்கொள்வேன் என்று மைத்துனர் எழுதட்டும். எதுவும் எழுத முடியாமல் அவர் பேனாவை வைத்துவிட்டால் நீங்கள் கேட்ட கேள்வி அவருக்குப் பொருந்தும், அதை நானே அவரிடம் சொல்வேன். என்ன நடந்தால் அது ஆவி இல்லை என்று ஒப்புக்கொள்வேன் என்று நீங்கள் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம்.

உங்கள் தாளில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் அனுப்புங்கள். அப்பாவைப் பற்றியும் எழுதுங்கள், அன்றிரவு அவர் எப்படி நின்றார், முகம் எப்படி இருந்தது என்றும். அதை ஆதாரம் என்று வாதாட வேண்டாம், வெறுமனே சொல்லுங்கள். சிரிக்காமல் கேட்க நான் இருக்கிறேன்.