சுதந்திரம் பெற்ற அமெரிக்கா தன் முதல் அரசமைப்பை ஏன் கைவிட்டது?

1781-இல் நடைமுறைக்கு வந்த 'கூட்டமைப்பு விதிகள்'தான் அமெரிக்காவின் முதல் அரசமைப்பு. அதிகாரமெல்லாம் பெரும்பாலும் 13 மாநிலங்களிடம். மைய அரசு பெயரளவுக்குத்தான். தங்களைக் கேட்காமல் வரி போட்ட லண்டனை எதிர்த்துப் போரிட்டவர்கள், ஊருக்குள்ளேயே இன்னொரு லண்டனை உருவாக்க விரும்பவில்லை. அந்தப் பயம் நியாயமானதே.

ஆனால் மாநிலப் பிரதிநிதிகள் கூடும் மைய அவையான காங்கிரஸால் வரி வசூலிக்க முடியாது, மாநிலங்களிடம் கேட்கத்தான் முடியும். 13 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பணம் தராதவரைச் சங்கம் ஒன்றும் செய்ய முடியாது. விதியை மாற்ற 13 வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். லிஃப்ட் நின்றால் நின்றதுதான். இறக்குமதிக்கு 5 சதவீத வரி போடும் திட்டத்தை 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் தடுத்தது. அடுத்த ஆண்டு ஜூனில், சம்பள பாக்கி கேட்டுப் படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தைத் துப்பாக்கியோடு சூழ்ந்துகொண்டார்கள். உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தார்கள். நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்களுக்குக் கூலி கொடுக்கக்கூட வழியில்லாத அரசு!

1787-இல் மாநிலப் பிரதிநிதிகள் அதே பிலடெல்பியாவில் கூடி, வரி விதிக்கும் அதிகாரமுள்ள புதிய அரசமைப்பை எழுதினார்கள்.

1776 ஜூலை 4-இல் சுதந்திரம் கிடைத்து, உடனே வாஷிங்டன் அதிபரானார் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று வந்தது பிரகடனம் மட்டுமே, பிரிட்டன் ஒப்புக்கொண்டது 1783-இல், வாஷிங்டன் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30-இல்.