சட்டி, கம்பளம், வாடகை வீடு: மெக்சிகோவிலிருந்து கேள்வி-பதில்

மூன்று மாதமாக வஹாகாவில் இருக்கிறோம். டாக்சிக்காரர் தெயோதித்லான் தெல் வாயேயில் ஒரு நெசவுப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பூச்சியை நசுக்கிச் சாயம் காட்டினார்கள். “முழுக்கக் கம்பளி, இயற்கைச் சாயம்” என்று 6,000 பேசோவுக்கு ஒரு கம்பளம் தந்தார்கள். இழையைக் கொளுத்தினால் உருகுகிறது. ஏமாந்துவிட்டோமா?

ஏமாற்றிவிட்டார்கள். உங்கள் மேல் தப்பில்லை. கம்பளி எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். உருகி உருண்டையாக இறுகினால் அக்ரிலிக் போன்ற செயற்கை இழை.

நீங்கள் பார்த்த வித்தை பொய்யில்லை. சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினியல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினால் ரத்தச் சிவப்பு வரும். எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சாகும், சோடா உப்பு தூவினால் ஊதாவாகும். ஆனால் அதெல்லாம் பூச்சிக்குத்தான் சாட்சி, கம்பளத்துக்கு அல்ல. ஒழுங்காகச் சாயம் காய்ச்சும் சபோதெக் பழங்குடிக் குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. டாக்சியில் போனால் டாக்சிக்காரரின் கமிஷனும் விலையில் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

ரசீதில் ‘லானா’ (கம்பளி) என்று எழுதியிருந்தால் முதலில் பட்டறையிலேயே பணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் ப்ரொஃபெகோ. 1976-லிருந்து இயங்கும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் அது. வெளிநாட்டவரும் புகார் கொடுக்கலாம். எரிந்த இழையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

தாஸ்கோவில் வெள்ளிச் சங்கிலி வாங்கினேன். கொக்கியில் ‘அல்பாக்கா’ என்று முத்திரை இருக்கிறது. இது என்ன தரம்?

வெள்ளியே இல்லை என்ற தரம். தாமிரம், நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. கடைக்காரர் பொருளிலேயே எழுதி வைத்திருக்கிறார். படிக்காமல் பணம் கொடுத்தது நீங்கள். வெள்ளிக்கு 925 என்று இருக்கும். அதையும் போலியாக அடிப்பவர்கள் உண்டு, ஆகவே தரையில் துணி விரித்து விற்பவரிடம் வேண்டாம்.

சந்தையில் பளபளவென்று ஒரு மண்சட்டி வாங்கிப் புளிக்குழம்பு வைக்கிறேன். பக்கத்து வீட்டம்மா ஈயம் இருக்கும் என்கிறார். எங்கள் பாட்டி ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்தார்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பாட்டியின் சொம்பு வெள்ளீயம். உங்கள் சட்டியில் இருக்கக்கூடியது காரீயம். இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகியதால் வந்த வினை இது.

‘கிரேத்தா’ என்ற காரீய ஆக்சைடைப் பூசினால் குறைந்த சூட்டிலேயே கண்ணாடி மாதிரி மினுமினுப்பு வந்துவிடும். விறகுச் சூளை வைத்திருக்கும் குயவருக்கு அது வசதி. ஆனால் அந்தச் சூட்டில் பூச்சு முழுசாக இறுகாது. புளி, தக்காளி, எலுமிச்சை எது பட்டாலும் ஈயம் குழம்பில் இறங்கும். ருசி மாறாது, வாசனை வராது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும். பூண்டு தேய்த்து, தண்ணீர் கொதிக்க வைத்துப் ‘பழக்கினால்’ போய்விடும் என்று சந்தையில் சொல்வார்கள். அதில் சட்டி பழகும், ஈயம் போகாது.

அந்தச் சட்டியில் வெங்காயம் போட்டு வையுங்கள், சமைக்காதீர்கள். ‘சின் ப்ளோமோ’ (ஈயமில்லை) என்று எழுதியதை, எழுதியவரே விற்கும் பட்டறையில் வாங்குங்கள். பூச்சே இல்லாத கொமால் என்றால் இந்தக் கவலையே இல்லை. நம் தோசைக்கல் மாதிரிதான், மண்ணில் செய்தது. வீட்டில் குழந்தை இருந்தால் ரத்தத்தில் ஈயப் பரிசோதனை செய்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சிச்சென் இட்சா அருகே ஒருவர், நிலத்தில் கிடைத்த பழங்கால மாயா நாகரிகச் சிலை என்று 2,000 பேசோ கேட்கிறார். வாங்கலாமா?

போலி என்றால் பணம் போச்சு. அசல் என்றால் 1972 சட்டப்படி அது மெக்சிகோ நாட்டின் சொத்து, நீங்களும் போச்சு.

மெரிதாவின் பழைய பகுதியில் ஆறு மாதத்துக்கு வீடு பார்த்திருக்கிறோம். உயரமான கூரை, நடு முற்றம், ஆத்தங்குடி மாதிரிப் பூக்கல் தரை. மின்கட்டணம் எங்கள் பொறுப்பு. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

தரையில் மயங்கி நானும் கையெழுத்துப் போட்டவன்தான். மின்ரசீதைக் கேட்கவில்லை. அங்கே ரசீது பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்று. கடந்த 12 மாதச் சராசரி வரம்பைத் தாண்டினால் மானியம் போய், ‘தாக்’ என்ற அதிகக் கட்டண வகைக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு முன்னால் குடியிருந்தவர் ராப்பகலாக ஏசி ஓட்டியிருந்தார். அந்த அதிகக் கட்டணத்தை நான் குளிர் இல்லாமலே கட்டினேன். கடைசி ஆறு ரசீதையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிறகு சுவரில் கொக்கி இருக்கிறதா பாருங்கள். அங்கே பலருக்கு ஹாமக்தான் (தொங்கும் வலைப் படுக்கை) கட்டில். குறுக்குவாக்கில் படுத்தால்தான் முதுகு பிழைக்கும். தரையில் வினிகரோ ஆசிடோ ஊற்றாதீர்கள். அது சிமெண்ட், அரித்துவிடும்.

சான் பர்தோலோ கொயோதெபெக்கில் வாங்கிய கறுப்பு மண் ஜாடியில் பூ வைக்கலாமா?

காய்ந்த பூ வைக்கலாம். நான் தண்ணீர் ஊற்றி அல்லிப்பூ வைத்தேன். காலையில் மேஜை நனைந்து, அடியில் இருந்த வாடகை ஒப்பந்தம் ஊறிக் கிடந்தது. படிகக் கல்லால் தேய்த்து வரும் மினுமினுப்பு அது. அதிகச் சூட்டில் சுட்டால் போய்விடும். அதனால் மிதமாகத்தான் சுடுவார்கள், கசியும். தண்ணீருக்கு வேண்டுமென்றால் அதே ஊரில் மங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பதைக் கேளுங்கள். மெஸ்கால் சாராயம் சுமந்த ஜாடி அதுதான். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும்.