கிட்டாரோடு நான் பாடிய பாட்டைக் கேட்டு, இசை படிக்காத மூன்று பேர் 'வரி புரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்; எனக்குத் தெளிவாகத்தான் கேட்கிறது. இவர்கள் சொல்வதை வைத்து மிக்ஸை (குரலும் கருவிகளும் கலந்திருக்கும் விதத்தை) மாற்றலாமா?

அவர்கள் சொல்லும் குறையை நம்புங்கள், தீர்வை நம்ப வேண்டாம். இசை படிக்காத மூன்று பேர் 'வரி புரியவில்லை' என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. 'ரிவெர்பைக் குறை' (எதிரொலி போன்ற முழக்கத்தைக் குறை) என்பது வெறும் ஊகம்.

உங்களுக்கு மட்டும் தெளிவாகக் கேட்கக் காரணம், வரிகள் உங்களுக்கு மனப்பாடம். விட்டுப்போனதைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. அநேகமாக கிட்டார்தான் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் பகுதியில் குரலை மூடுகிறது. மெய்யெழுத்துகள் துலங்குவதும் அங்கேதான்.

சத்தத்தை நன்றாகக் குறைத்து, மோனோவில் (இடது, வலது ஒலியை ஒன்றாக்கி) கேளுங்கள். குரல் முதலில் காணாமல் போனால் கிட்டாரை அந்த அதிர்வெண் பகுதியில் 2, 3 டெசிபல் இறக்குங்கள். அப்புறம் பாட்டை இதுவரை கேட்காத ஒருவரிடம் கொடுங்கள்.

ஆனால் முதல் ஆள் எழுதியதைப் படித்துவிட்டு மற்ற இருவரும் ஆமாம் போட்டிருந்தால், அது மூன்று கருத்து இல்லை, ஒன்றுதான்.