மார்புல எக்ஸ்பாண்டர் வச்சிருக்கற அம்மா கோயமுத்தூர்ல ஃப்ளைட் ஏறலாமா, வெடிச்சிருமா?

ஏறலாமுங்க, பயப்படாதீங்க. எக்ஸ்பாண்டர்ங்கறது மார்பு கேன்சர் ஆபரேஷனுக்கப்புறம் தோல கொஞ்சங்கொஞ்சமா விரிக்க உள்ள வெக்கற பலூன் மாதிரி பையுங்க; அதுல பெரும்பாலும் உப்புத்தண்ணிதானுங்க, உசரம் போனா காத்துதான் விரியும், தண்ணி விரியாது. ஃப்ளைட்டுக்குள்ள அழுத்தம் 6,000-ல இருந்து 8,000 அடி உசரத்துல இருக்கற மாதிரி, நம்ம ஊட்டியே 7,300 அடிங்க, மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறிப் போறதுக்கும் இதுக்கும் பெரிசா வித்தியாசமில்ல. ஆனா உள்ள இருக்கறது தண்ணியா காத்தா, ஆபரேஷனாகி எத்தன நாள் கழிச்சு ஏறலாம்னு டாக்டர்கிட்ட கட்டாயம் கேட்டுக்கோங்க. எக்ஸ்பாண்டர்ல தண்ணி ஏத்த ஊசி போடற எடத்துல நெறைய மாடல்ல காந்தம் இருக்கும், செக்கிங்ல பீப் அடிக்கலாம், டாக்டர் லெட்டர் வச்சுக்கிட்டு லேடி ஸ்டாஃப்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க. கண்ணு ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் (வாயு) வச்சவங்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அது கரையற வரைக்கும் ஃப்ளைட்டும் வேண்டாம் ஊட்டியும் வேண்டாமுங்க, பார்வையே போயிரலாம்.