1837-ஆம் ஆண்டுக் காகிதத்தில் ‘அப்ராந்தி’ என்றிருந்தால்

கேள்வி (மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி): எங்கள் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பழைய ஆவணம் ஒன்றின் நகல் கிடைத்தது. எங்கள் மூதாதை ஒருவரின் ஒற்றைப் பெயரும், ‘மலபார்’, ‘அப்ராந்தி’, ‘கால்ஃபா’ என்ற சொற்களும், போர்ட் லூயிஸின் ‘காம்ப் தே மலபார்’ என்ற முகவரியும், 1837 என்ற ஆண்டும் அதில் உள்ளன. அவர் புதுச்சேரியிலிருந்து கப்பல் வேலை பழக வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். கப்பல் பட்டறையின் பயிற்சிப் பதிவேட்டை எடுத்துத் தருவதாகவும், அதைக் கொண்டு எங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்து, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வரை வாங்கித் தருவதாகவும் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? அந்த முகவரி இன்று எங்கே இருக்கிறது?

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. அவர் 600 ரூபாய் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். உங்கள் காகிதத்தில் உள்ள ஒரு சொல்லை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். எப்படியானாலும் அந்தத் தவறின் மீதுதான் அவருடைய வியாபாரம் நடக்கிறது.

‘அப்ராந்தி’ என்றால் தொழில் பழகுநர் என்று எந்த அகராதியும் சொல்லும். ஆனால் மொரீஷியஸில், நான்கே ஆண்டுகளுக்கு, அந்தச் சொல்லுக்குச் சட்டம் வேறொரு பொருளைக் கொடுத்திருந்தது. 1835 பிப்ரவரி 1 அன்று இத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்டது என்று எழுதுகிறோமே தவிர, அன்று காலை யாரும் தம் விருப்பம்போல் நடந்து வெளியேறிவிடவில்லை. முந்தைய நாள் வரை அடிமை என்று எழுதப்பட்டவர்கள் மறுநாளிலிருந்து ‘அப்ராந்தி’ என்று எழுதப்பட்டு, அதே எசமானரிடம், வயல்வேலைக்காரர்கள் ஆறு ஆண்டுகளும் மற்றவர்கள் நான்கு ஆண்டுகளும் வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்த ஏற்பாடு 1839 மார்ச் 31 அன்று முடிவுக்கு வந்தது. இந்த இரு தேதிகளுக்கு இடைப்பட்ட ஒரு காகிதத்தில், தந்தை பெயர் இல்லாத ஓர் ஒற்றைப் பெயருக்குப் பக்கத்தில் அச்சொல் இருந்தால், அவர் தொழில் பழக வந்தவர் என்று கொள்வதைவிட, அண்மையில்தான் அடிமை நிலையிலிருந்து பெயரளவில் விடுவிக்கப்பட்டவர் என்று கொள்வதே பொருந்தும். உங்கள் காகிதத்தின் ஆண்டு 1837.

இதைப் படித்ததும் உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். நம் குடும்பங்களில் ‘புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்’ என்ற கதைக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் பிரிட்டிஷார் இத்தீவைக் கைப்பற்றுவதற்கு முந்தைய பிரெஞ்சுக்காரர் காலத்தில் தமிழகக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கே பலர் இருந்தார்கள். மேலும், தேடுகிறவருக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. சொத்தாகக் கருதப்பட்ட மனிதர்களைப் பற்றி ஆட்சியாளர்கள் மிகக் கவனமாகக் கணக்கு எழுதி வைத்தார்கள். 1810-களின் நடுவிலிருந்து எடுக்கப்பட்ட அடிமைப் பதிவேடுகள் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் படிகளை இணையத்திலும் பார்க்கலாம். அவை எசமானர் பெயரின்கீழ் அடுக்கப்பட்டுள்ளன. எனவே உங்கள் மூதாதையின் பெயரை அங்கே நேராகத் தேடினால், அதே பெயருடைய நூறு பேர் வந்து நிற்பார்கள். காகிதத்தில் வேறு ஏதாவது ஒரு பெயர், குறிப்பாக ‘இன்னாருக்கு உரிய’ என்ற பொருளில், எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த எசமானர் பெயர்தான் உங்களுக்கான சாவி. அடிமை முறை ஒழிப்பின்போது பிரிட்டிஷ் அரசு எல்லாக் குடியேற்றங்களுக்குமாக 2 கோடி பவுண்டு ஈட்டுத்தொகை ஒதுக்கியது. அதில் ஏறத்தாழ 21 லட்சம் மொரீஷியஸுக்கு வந்தது. முழுவதும் எசமானர்களுக்கு, உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்த ஈட்டுத்தொகைக் கணக்குகளில் ஆட்களை வகைப்படுத்தியபோது, துறைமுகத்திலும் கப்பல்களிலும் வேலை செய்தோர் என்று ஒரு தனி வகையே வைத்திருந்தார்கள். இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் இந்தக் கோரிக்கைகளைத் தொகுத்து, எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. உங்களிடம் 60,000 கேட்பவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா?

‘கால்ஃபா’ என்ற சொல்லைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக் கதை பொய்யில்லை. ‘ஷர்பாந்தியே’ (தச்சர்) என்று மட்டும் இருந்தால் அவர் வீடு கட்டும் தச்சராகவும் இருக்கலாம், கப்பல் கட்டும் ஓடாவியாகவும் இருக்கலாம். ‘கால்ஃபா’வுக்கு அந்த ஐயம் கிடையாது, மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரும் கீலும் அடைத்து நீர் புகாமல் செய்கிறவர் மட்டுமே அப்படி அழைக்கப்பட்டார். நம் கடற்கரைகளில் கலப்பத்து என்று சொல்கிறோமே, அதே வேலை. சொல்லும் ஒரே அரபு மூலத்திலிருந்து கிளைத்து வந்ததுதான். ஆகவே அவர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கப்பல்களில் கைவைத்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த நிலையில் வைத்தார் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் சில குடும்பங்கள் இல்லாத அடிமைக் கதையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும். 1735 முதல் 1746 வரை ஆளுநராக இருந்த லா பூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகராக்கியபோது, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் சுதந்திர மனிதர்கள். அவர்களுடைய வழிவந்தோர் நிலம் வாங்கினார்கள், ஒப்பந்த வேலை எடுத்தார்கள். சிலர், சொல்லத்தான் வேண்டும், தாங்களே அடிமைகளையும் வைத்திருந்தார்கள். இவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் உண்மையாகவே கப்பல் வேலை பழக ஓர் ஆசாரியிடம் விடப்பட்டால், அவனும் ‘அப்ராந்தி’தான், 1837-இலும் அப்படித்தான். ஆனால் அப்படி விடும்போது நொத்தேரின் (பத்திரங்களை எழுதிச் சான்றளிக்கும் சட்ட அலுவலரின்) முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் எழுதுவது வழக்கம். அதில் பையனுடைய தந்தையோ தாயோ ஒரு பக்கம் இருப்பார்கள், ஆசாரி மறுபக்கம் இருப்பார். எத்தனை ஆண்டு, சோறும் துணியும் யார் பொறுப்பு, எந்தத் தொழில் என்பதெல்லாம் சொல்லப்பட்டிருக்கும். கையொப்பமோ கீறலோ இருக்கும். அதாவது, இரண்டு தரப்பும் பேசியிருக்கும் காகிதம் என்றால் அது தொழில் பழகும் ஒப்பந்தம். ஒரு மனிதரைப் பற்றி அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காகிதம் என்றால் மற்றது. தந்தை பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வயதைப் பாருங்கள், 40 வயது மனிதரைக் கலப்பத்து பழக யாரும் அனுப்பமாட்டார்கள். ஆண்டைப் பாருங்கள், 1835-க்கு முன்போ 1839-க்குப் பின்போ என்றால் தொழில் பழகுநர் என்ற பொருளே பெரும்பாலும் சரி. உங்கள் காகிதம் எப்படிப்பட்டது என்று கேள்வியில் எழுதவில்லை. ஒற்றைப் பெயர் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் என்னை, அவர் அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்ற பக்கம் சாய்க்கிறது.

நொத்தேர் ஒப்பந்தங்கள் கொரமண்டலில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. (சோழமண்டலக் கரையின் ஆளைத் தேடுகிறவர்கள் சோழமண்டலம் என்ற பெயரின் திரிபைத் தாங்கிய ஊருக்கே போக வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.) நொத்தேரின் பெயரும் ஆண்டும் தெரியாமல் அங்கே போனால் நாள்கள் வீணாகும். பழைய தாள்கள் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன, கேட்ட கட்டு எப்போதும் கைக்கு வராது. ஓர் அலுவலகத்தில் ஒரே பதிவேட்டுக்காக நான் மூன்று முறை போய், மூன்று முறையும் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதிலுடன் திரும்பியிருக்கிறேன். இந்தத் தாமதமே இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. வரிசையில் நிற்க முடியாதவர்கள் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார், அல்லது நிற்காமலே ஏதோ ஒன்றை அச்சடித்துத் தருகிறார்.

இனி முகவரி. ‘காம்ப் தே மலபார்’ ஒரு தெருவின் பெயரன்று; போர்ட் லூயிஸின் கிழக்குப் பக்கத்தில் இந்தியர்கள் குடியிருந்த புறநகர்ப் பகுதி முழுவதற்கும் வழங்கிய பெயர். விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் மேற்குப் பக்கம் இருந்தார்கள். கதவு எண்ணைத் தேடி அங்கே அலைவதில் பயனில்லை. 1816-இல் ஒரு பெருந்தீ நகரின் பெரும்பகுதியை எரித்தது; 1860-களின் இறுதியில் மலேரியா பரவியபோது வசதியுள்ளவர்கள் ரோஸ் ஹில், கியூர்பிப் என்று மேட்டு நிலங்களுக்கு ஏறிவிட்டார்கள்; 1892 ஏப்ரலில் வீசிய புயல் எஞ்சியவற்றில் பலவற்றைத் தகர்த்தது. உங்கள் குடும்பமே ரோஸ் ஹில்லில் இருப்பதற்கு அந்த மலேரியா காரணமாக இருந்தாலும் வியப்பில்லை. தெருப் பெயர்களும் மாறின. பழைய பத்திரங்களில் தெஃபோர்ஜ் தெரு என்று இருப்பது இன்றைய சர் சிவசாகர் ராம்கூலம் தெரு. பழைய நிலப் பத்திரங்களில் எண்ணுக்குப் பதில் எல்லைகள் எழுதப்பட்டிருக்கும்: ஒரு பக்கம் இன்னார் மனை, மறுபக்கம் இன்னார் மனை, முன்னால் தெரு. உங்கள் மூதாதை நிலம் வாங்காதவராக இருந்தாலும், பக்கத்து மனைக்காரரின் பத்திரத்தில் எல்லையாக வந்து நிற்கக்கூடும். அடுத்தடுத்து வாழ்ந்தவர்களின் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் யார் யாருக்கு உறவு, யார் எந்தப் பட்டறையில் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பது மெல்லப் புலப்படும்.

‘மலபார்’ என்ற சொல்லைக் கண்டு ஏமாறாதீர்கள். இங்கே அது தென்னிந்தியர், பெரும்பாலும் தமிழர், என்ற பொருளில்தான் வழங்கியது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை ஒரு தரகர் இந்தச் சொல்லைக் காட்டியே கோழிக்கோடு வரை அழைத்துப்போய், ஏதோ ஒரு கிராமத்தில் மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பிவைத்தார். அவர்களுடைய முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர் என்பது பிறகு தெரிந்தது. ‘லஸ்கார்’ என்ற சொல்லும் இப்படித்தான். வேறு இடங்களில் அது மாலுமி, இங்கே அது முஸ்லிம் என்ற பொருளுக்கும் வந்துவிட்டது.

பூர்வீக ஊரைத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் உண்மையான ஆசை என்றால், 1837-இன் இந்த மனிதரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடிமைப் பதிவேட்டில் பிறந்த நாடு இருக்கும், ஊர் கிடைப்பது அரிது. உங்களுக்கு நான்கு தலைமுறைக்கு முன் பதினாறு பேர் இருந்தார்கள். கப்பலில் வேலை செய்தவர் என்பதற்காக ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு, கரும்பு வெட்டிய மற்றவர்களை, முக்கியமாகப் பாட்டிமார்களை, எல்லோருமே மறந்துவிடுகிறார்கள். 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வந்த கப்பல் ஆகியவை அந்த எண்ணோடு எழுதப்பட்டன. 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. உங்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கி, தாய், பாட்டி, பாட்டியின் பெற்றோர் என்று குடிமைப் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு படியாகப் பின்னால் செல்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோர் பெயருக்கு அருகிலேயே அந்தக் குடியேற்ற எண் எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். எண் கிடைத்த பின் மோக்காவுக்குப் போங்கள். எண் இல்லாமல் ‘முத்துசாமி’ என்று மட்டும் கேட்டால், மூட்டூசாமி, முட்டுசாமி என்று எழுத்தர்கள் காதுக்கு எட்டியபடி எழுதிவைத்தவர்களின் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள். வந்த இடம் என்று மெட்ராஸ் என்றிருந்தால் அது ஏறிய துறைமுகமே, ஊர் அன்று.

அட்டையைப் பற்றி ஒன்று. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் இங்கு வந்தபோது, ஏழாம் தலைமுறை வரை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு வழி திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் ‘வம்ச மரம் தயாரித்துத் தருகிறோம்’ என்று சொல்பவர்கள் புற்றீசல்போலக் கிளம்பியிருக்கிறார்கள். தங்க எழுத்தில் அச்சிட்ட வம்ச மரம் கூடத்தில் மாட்ட அழகாக இருக்கும். தூதரக மேசையில் கேட்கப்படுவதோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சான்றிதழ்கள். அவற்றை அலுவலகக் கட்டணத்தில் நீங்களே எடுக்கலாம்.

இறுதியாக, உங்களிடம் இருப்பது நகல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் ஓரத்திலோ பின்பக்கத்திலோ ஓர் எண்ணோ முத்திரையோ இருந்தால், மூலம் எந்தக் கட்டில் இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். நகல் எடுத்தவர் ஓரத்தை வெட்டியிருந்தால், வெட்டாத தாள் யாரிடமாவது இருக்கிறதா என்று சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் கேளுங்கள். கிடைத்தால் பிளாஸ்டிக் உறை ஒட்டிச் சூடு போட்டுவிடாதீர்கள். மெல்லிய அட்டைக்குள் வைத்து, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.